குமுதாவின் இருபது நிமிட ஸ்பானிஷ்

காலை ஐந்து நாற்பதுக்கு, பினாங்கில் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழே கம்பெனி பஸ் வந்து நிற்கும். குமுதா அதற்குப் பத்து நிமிடம் முன்பே இறங்கி வந்து, சாத்தியிருக்கும் பெட்டிக்கடை ஓரமாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

“மே விஸ்தோ. தே விஸ்தெஸ். செ விஸ்தெ.”

கூட வேலை செய்யும் ஹமீதா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நான்காம் நாள் கேட்டேவிட்டார்.

“என்னாக்கா, பசியாறுறதுக்கு முன்னயே மந்திரம் ஓத ஆரம்பிச்சிட்டீங்க?”

“மந்திரமா இருந்தா இந்நேரம் விட்டிருப்பேன்லா. இது வேலைக்கு ஆகும்.”

“என்னா வேலைக்கு?”

“உடுப்பு போட்டுக்கிற வேலைக்கு.”

ஹமீதா சிரித்தார். நாற்பத்தாறு வயதான ஒருவர் உடுப்புப் போட்டுக்கொள்ளப் பாடம் படிக்கிறேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். குமுதாவோ முழுக்க உண்மையைத்தான் சொன்னார். இருபத்து நான்கு வருடமாக அவர் பார்த்துவரும் வேலை அதுதான்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உள்ள அந்தத் தொழிற்சாலையில், இதய நோயாளிகளின் இரத்த நாளத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்களைச் செய்கிறார்கள். குழாயில் ஒட்டிய ஒரே ஒரு நூலிழை போதும், எங்கோ ஓர் ஊரில் அறுவை மேசையில் படுத்திருப்பவரின் மூளை நாளத்தை அடைத்துவிட. தூசிக்கு மிகப் பெரிய காரணம் மனிதர்கள்தான். தோல் உதிர்கிறது, முடி கொட்டுகிறது, கழுத்தில் அப்பிய பவுடர் பறக்கிறது. அதனால் உள்ளே போகிறவர்கள் உச்சி முதல் பாதம்வரை வெள்ளை உடுப்புக்குள் புகுந்து, கண் மட்டும் தெரிய நடமாட வேண்டும். அந்த உடுப்பைப் போட்டுக்கொள்ளப் பதினான்கு படிகள். முடி வலை, முகக்கவசம், தலைமூடி, முழு உடுப்பு, நீளக் காலுறை, கடைசியில் கையுறை. உடுப்பின் எந்த முனையும் தரையில் படக்கூடாது. நடுவில் ஒரு நீள பெஞ்சு இருக்கும். அதன் இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகத் தாண்ட வேண்டும்.

புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் இதைக் கற்றுக்கொடுப்பவர் குமுதா. அவருக்கென்று ஒரு முறை உண்டு. செய்கிற காரியத்தைச் செய்துகொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “தலைமூடி போட்டுக்கிறேன்.” “பெஞ்சு தாண்டுறேன்.” மலாய்க்காரர் மலாயில் சொல்வார், நேப்பாளி நேப்பாளியில் சொல்வார். சொல்லாமல் செய்தால் கை தன் பழைய பழக்கத்துக்குப் போய்விடும் என்பது அவர் கண்டறிந்தது. யாரும் அவருக்கு இதைச் சொல்லித்தரவில்லை. முதல் இரண்டு வருடம் தப்புகளை ஒரு நோட்டில் குறித்து வைத்து, சொல்லிச் செய்தவர்களையும் சும்மா செய்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். இதற்குப் பெயர் ஆராய்ச்சி. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் செய்தால் அப்படிச் சொல்வோம். அவரும் வெள்ளை உடுப்புத்தான் போட்டிருந்தார்.

அந்த அறைக்குள் நகை கூடாது. இருபது வருடம் முன்பு தமிழ்ப் பெண்கள் தாலியைப் பிளாஸ்திரி போட்டு நெஞ்சில் ஒட்டிக்கொண்டு போவார்கள். மஞ்சள் கயிறு இழை விடும், மஞ்சள் தூள் உதிரும். கம்பெனியின் விதித்தாளில் அதைப் படித்த நாளே குமுதா தாலியைக் கழற்றி அலமாரி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். “புருசன் உசுருக்கு ஆகாதுடி” என்று இரண்டு பேர் பஸ்ஸிலேயே அழுதார்கள். ஆண்களும் கல்யாண மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். மனைவியின் உயிர் என்ன ஆகும் என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. குமுதாவின் கணவர் முனுசாமி குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டு, “ஆணி நல்ல கெட்டியான ஆணிதானா?” என்று மட்டும் கேட்டார். இன்றுவரை இரண்டு பேரும் நலமாக இருக்கிறார்கள்.

இத்தனை செய்தவருக்குக் கம்பெனி கொடுத்திருந்த பதவி ‘ஆப்பரேட்டர், மூன்றாம் நிலை’. பயிற்றுநர் என்ற பதவி தனியாக உண்டு. அதற்கு டிப்ளோமா வேண்டும். சுங்கை பாக்காப் பள்ளியில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, முடித்த குமுதா பதினோரு வருடத்தில் இரண்டு முறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும் அந்தப் பதவிக்கு வெளியிலிருந்து ஆள் வந்தது. வந்தவர்களுக்கு உடுப்புப் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவரும் குமுதாதான். இந்த அநியாயத்தைக் கம்பெனியில் யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. விதி என்று சொன்னார்கள். அநியாயத்தைத் தாளில் அச்சடித்து விட்டால் அதற்குத் தனி மரியாதை வந்துவிடுகிறது.

இந்த வருடத் தொடக்கத்தில் கம்பெனி கோஸ்தாரிக்காவில் புதிய தொழிற்சாலை ஒன்றைக் கட்டி முடித்தது. மத்திய அமெரிக்காவில் உள்ள சின்ன நாடு, ஸ்பானிஷ் பேசுகிற நாடு. அங்கே சேரும் முதல் ஆட்களுக்கு உடுப்புப் பயிற்சியைப் பினாங்கு கொடுக்க வேண்டும், முதலில் காணொளியில், பிறகு ஆறு வாரம் நேரில். மேலாளர் நிருபன் கூட்டம் கூட்டித் திட்டத்தை விளக்கினார். ஈப்போ பக்கத்து யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை, அமைதியானவர், விதி என்றால் கொஞ்சம் பயம்.

திட்டம் இதுதான். இளம் பொறியாளர் கிஷன் ஸ்பானிஷில் எழுதிய தாளைப் பார்த்துப் படிப்பார். குமுதா பக்கத்தில் நின்று, பேசாமல், உடுப்பைப் போட்டுக் காட்டுவார்.

குமுதா கையைத் தூக்கினார்.

“பாஸ், எனக்கு ஒண்ணு விளங்கல. போட்டுக்கிறது நான். ‘நான் போட்டுக்கிறேன்’னு சொல்றது தம்பியா?”

யாரோ சிரித்தார்கள். கிஷன் முகம் சிவந்தது.

“அக்கா, உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதுலா. அதான்.”

“உனக்குத் தெரியுமா தம்பி?”

“நான் பார்த்துப் படிப்பேன்.”

“அப்ப ரெண்டு பேருக்கும் தெரியாது. ஆறு வாரம் இருக்கு. நான் படிச்சிக்கிறேன். நானே செய்றேன், நானே பேசுறேன். செஞ்சி காட்டிட்டா பயிற்றுநர் பதவி எனக்கு. சம்மதமா?”

நிருபன் பேனாவை உருட்டிக்கொண்டே யோசித்தார். “இருபது நிமிசம் முழுக்க ஸ்பானிஷ். அங்க இருக்கிற ஆக்கள் பிழை விடாமல் உடுத்தவேணும். அவையள் சரியெண்டு எழுதித் தந்தால், நான் மேலிடத்தில கதைக்கிறன், அக்கா. முடியாட்டில் பழைய திட்டம்தான்.”

அப்படித்தான் குமுதா ஸ்பானிஷில் இறங்கினார்.

அதே அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடியில் ஷர்மினி இருந்தாள். இருபத்தொன்பது வயது. ஜார்ஜ் டவுனில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, சிலி நாட்டுக்காரர்களின் பார்சல் எங்கே போனது என்று ஸ்பானிஷில் பதில் எழுதுகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சூலியா தெருவில் நூர் முகம்மது கடையில் ரொட்டி சானாய் சாப்பிடாவிட்டால் அவளுக்கு வாரம் தொடங்காது. அந்த மேசைதான் வகுப்பறை ஆனது.

“அக்கா, வினைச்சொல்லு ‘வெஸ்தீர்செ’. உடுத்திக்கிறது. கடைசில ஒரு ‘செ’ இருக்கு பாருங்க, அது நம்ம ‘கொள்’ மாதிரி. ‘உடுத்து’ன்னா யாருக்கோ உடுத்தி விடுறது. ‘உடுத்திக்கொள்’னா தனக்குத்தானே.”

“இது நமக்கும் இருக்கே! அப்புறம் என்னா கஷ்டம், என்னா சூசா?”

“சூசா இனிமேதான். சொல்லுங்க, நான் உடுத்திக்கிறேன்.”

“மே வெஸ்தோ.”

“இல்ல. மே விஸ்தோ. நடுவுல இருக்கிற ‘எ’ மாறி ‘இ’ ஆயிடும்.”

“ஏன் ஆவுது?”

“ஏன்னு கேக்காதீங்கக்கா. ஆவுது.”

“ஏன்னு கேக்காம ஒண்ணையும் நான் படிக்க மாட்டேன்.”

ஷர்மினி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். அழுத்தம் எங்கே விழுகிறது என்று தட்டிக் காட்டினாள். விஸ்தோ என்னும்போது அழுத்தம் முதல் அசையில். அங்கே ‘இ’ வருகிறது. விஸ்தெஸ், விஸ்தெ, விஸ்தென், எல்லாம் அப்படியே. “நாங்க உடுத்திக்கிறோம்” என்னும்போது மட்டும் அழுத்தம் பின்னால் நகர்ந்துவிடுகிறது, பழைய ‘எ’ திரும்பி வந்துவிடுகிறது. நோஸ் வெஸ்திமோஸ். குமுதா மேசையில் விரலால் ஐந்தையும் தட்டிப் பார்த்தார். காரணம் கிடைத்ததும் முகம் தெளிந்தது.

“இப்படிச் சொன்னா ஆச்சு. சும்மா மனப்பாடம் பண்ணுன்னா நான் என்ன கிளியா?”

மரியாதைப் பிரச்சினையையும் அவரே கேட்டார். தே விஸ்தெஸ் என்றால் ‘நீ’. புதிதாக வேலைக்கு வருகிறவரை எப்படி நீ என்பது? கோஸ்தாரிக்காவில் பெரும்பாலும் எல்லாரையும் ‘உஸ்தெத்’ என்று நீங்கள் போட்டே பேசுவார்கள், கூட்டாளிகளைக்கூட, என்றாள் ஷர்மினி. அப்போது ‘உஸ்தெத் செ விஸ்தெ’. நீங்க உடுத்திக்கிறீங்க. குமுதாவுக்கு அந்த நாட்டின் மேல் உடனே நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது.

படித்ததை அவர் நோட்டில் எழுதவில்லை, வீட்டில் செய்து பார்த்தார். காலையில் சட்டை மாட்டும்போது, “மே விஸ்தோ.” முனுசாமி கைலியை உதறிவிட்டு வேலைக் காற்சட்டைக்குள் கால் விடும்போது, அவரைச் சுட்டி, “செ விஸ்தெ.”

“என்னம்மா திட்டுற?”

“திட்டல. நீங்க உடுத்திக்கிறீங்கன்னு சொல்றேன்.”

“நான் உடுத்திக்கிறது எனக்கே தெரியும்லா. நாட்டுக்கே சொல்லணுமா?”

“நீங்களும் சொல்லுங்க. நோஸ் வெஸ்திமோஸ். நாம உடுத்திக்கிறோம்.”

முனுசாமி ஒற்றைக் காலில் நின்றபடி சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் தடுமாறிக் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியதாயிற்று.

நான்காவது வாரத்தில் ஒத்திகை. பினாங்கில் காலை ஏழு மணி, அங்கே இன்னும் முந்தின நாள் மாலை ஐந்து. திரையில் கோஸ்தாரிக்காவின் உடை அறை தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் பெஞ்சுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். ஓரத்தில் கோப்போடு ஒருங்கிணைப்பாளர் மரியேலோஸ். குமுதா வணக்கம் சொன்னார், முடி வலையை எடுத்தார், தொடங்கினார். மேலிருந்து கீழாக உடுத்திக்கொள்கிறேன் என்பது முதல் வாக்கியம். “மே விஸ்தோ தே அர்ரீபா அபாஹோ.” மூன்று பேரும் திருப்பிச் சொன்னார்கள். வினைச்சொல் வழுக்காமல் வந்தது.

ஐந்தாம் படியில் குழப்பம் ஆரம்பித்தது. ஃப்ளோர் என்ற பெண் தலைமூடியைச் சரியாகவே போட்டாள். போட்டதும் குமுதாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டாள். மறுபடி போட்டாள், மறுபடி பார்த்தாள், மறுபடி கழற்றினாள். மற்ற இரண்டு பேரும் அவளைப் பார்த்துத் தங்களுடையதையும் அவிழ்த்தார்கள். குமுதா இன்னும் நிதானமாக, இன்னும் தெளிவாகச் சொன்னார். நிதானமாகச் சொல்லச் சொல்ல அவர்கள் நிதானமாக அவிழ்த்தார்கள். இருபது நிமிடம் முடிந்தபோது ஒருவரும் பெஞ்சைத் தாண்டவில்லை.

மறுநாள் அறிக்கை வந்தது: ‘பயிலுநர்களால் பின்பற்ற முடியவில்லை.’

“அக்கா, கோவிச்சிக்காதீங்க,” என்றான் கிஷன். “உங்க ஸ்பானிஷ் அவங்களுக்கு விளங்கல போல. நான் படிக்கிறேன்லா. உங்களுக்கும் டென்ஷன் இல்ல.”

அவன் கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் படித்தவன் பேசத் தவறினால் இணைய இணைப்பு சரியில்லை என்பதும், படிக்காதவர் தவறினால் அவருக்கு விளங்கவைக்கத் தெரியவில்லை என்பதும் எல்லாக் கம்பெனியிலும் நடக்கிறது. நிருபன் ஒரு வாரம் தவணை கொடுத்தார். “காரணம் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ, அக்கா. இல்லாட்டில் நான் மாத்தத்தான் வேணும்.”

தன் ஸ்பானிஷில் எங்கே தப்பு என்று குமுதா அன்றிரவு முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பதினோரு வருடமாகக் கேட்ட பதவி, இருபது நிமிடத்தில் கைவிட்டுப் போகிறது. ஆனாலும் அவர் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. கிஷனிடம் ஒத்திகையின் பதிவைக் கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை நூர் முகம்மது கடையில், தே தாரேக் என்ற நுரைத் தேநீர்க் குவளையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, இரண்டு பேரும் பார்த்தார்கள்.

ஷர்மினி ஒரு காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்டாள். பாதியிலேயே கழற்றினாள்.

“அக்கா, சத்தியமா சொல்றேன், ஒரு இடத்துலயும் தப்பு இல்ல. என்னோட முதல் வருசத்தவிட நல்லா பேசுறீங்க.”

“அப்ப ஏன் அவுக்குறாங்க?”

“தெரியலயேக்கா.”

குமுதா ஒலியை நிறுத்தினார். இயந்திர இரைச்சலில் இருபத்து நான்கு வருடம் ஆட்களைக் கண்ணால் மட்டும் கவனித்தவர் அவர். ஓசை இல்லாமல் பார்த்தால்தான் அவருக்கு நன்றாகத் தெரியும். படத்தை முதலிலிருந்து ஓட்டினார். திரையில் ஒரு வெள்ளை மூட்டை நின்றது. அதற்கு வாய் இல்லை, முகம் இல்லை, இரண்டு கண் மட்டும். எதிரே ஃப்ளோர் தலைமூடியைச் சரியாகப் போட்டாள். உடனே அந்த மூட்டையின் தலை இடதும் வலதுமாக இரண்டு முறை ஆடியது. ஃப்ளோர் கழற்றினாள்.

“ஏய், இது என்னா?” குமுதா படத்தை நிறுத்தினார்.

“எது?”

“என் தலை!”

நம்மவர்கள் ‘நல்லாருக்கு, ஆகட்டும்’ என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்டுவது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. குமுதாவுக்கு மட்டும் அது தெரியாமல் இருந்தது. தன் தலை ஆடுவது யாருக்குத்தான் தெரியும்? பினாங்கில் மலாய்க்காரர், சீனர், நேப்பாளி எல்லாரும் பார்த்துப் பழகியவர்கள். அந்த ஆட்டத்தைக் கண்டதும் அடுத்த படிக்குப் போய்விடுவார்கள். முகக்கவசத்துக்குள் சிரிப்புத் தெரியாது. கண்ணும் தலையும்தான் பேச முடியும். கோஸ்தாரிக்காவில் அந்தத் தலை என்ன பேசியிருக்கும்?

குமுதா கடையின் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டார். தலை ஆடிய இடம் பதினொன்று. அதில் ஒன்பது முறை யாராவது அவிழ்த்தார்கள். அவிழ்க்காத இரண்டு முறையும் அவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

“போதுமா?” என்றாள் ஷர்மினி.

“போதாது. இது நாம நெனைக்கிறது. அவங்களத்தான கேக்கணும்.”

அறிக்கையில் இருந்த முகவரியைப் பார்த்து, குமுதாவின் பெயரைச் சொல்லி, ஷர்மினி மரியேலோஸுக்குச் செய்தி அனுப்பினாள். ஃப்ளோர் ஏன் கழற்றினார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? பதில் திங்கட்கிழமை வந்தது. ஷர்மினி மாடி இறங்கி ஓடிவந்து படித்துக் காட்டினாள். ‘அந்த அம்மா வாயால் அழகாகப் பேசினார், ஆனால் நான் எதைச் செய்தாலும் தலையால் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மிகவும் கண்டிப்பானவர் போலிருக்கிறது என்று பயந்தேன். நான்தான் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்தேன்.’

முனுசாமி விழுந்து விழுந்து சிரித்தார். குமுதாவும் சிரித்தார், பிறகு நிறுத்திவிட்டார். கடைசி வரி அவரை என்னவோ செய்தது. பூமியின் இந்தப் பக்கம் ஒருவர் தன் ஸ்பானிஷ் சரியில்லை என்று இரவெல்லாம் விழித்திருந்தார். அந்தப் பக்கம் ஒருத்தி சரியாகப் போட்ட தலைமூடியை நான்கு முறை கழற்றினாள். தப்பு தன் பேரில்தான் இருக்கும் என்று கையால் வேலை செய்கிறவர்களுக்கு எவ்வளவு சுலபமாகத் தோன்றிவிடுகிறது! மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இந்த வியாதி வருவதில்லை.

கணக்குத் தாளையும் பதிலையும் நிருபன் மேசையில் வைத்தார். நிருபன் பதிவை ஒலி இல்லாமல் பார்த்தார். பார்த்து முடித்துத் தலையாட்டினார், இரண்டு பக்கமும்.

“பாருங்க பாஸ்! நீங்களும்தான்!”

நிருபன் தன் தலையைக் கையால் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அலுவலகத்தில் சிரித்து அன்றுதான் கேட்டார்கள். மறு ஒத்திகையையே தேர்வாக வைத்துக்கொள்வது என்று முடிவானது.

தலையை ஆட்டாமல் இருக்கக் குமுதா ஐந்து நாள் பழகினார். ஹமீதா காவல். ஆடினால் விசில் அடிப்பார். முதல் நாள் நாற்பது விசில்.

“அக்கா, உங்க தலையில ஸ்பிரிங்கா வச்சிருக்கு?”

“நெனச்சா நிக்குது. வேலையில மனசு போனா ஆடுது.”

“கழுத்துல கட்டை கட்டிருவோமா?”

“நாப்பத்தாறு வருசமா ஆடுன தலைலா அது,” என்றார் முனுசாமி வீட்டில். “அதை ஏன் அடக்குற? அதுக்கு என்னா அர்த்தம்னு அவங்ககிட்டச் சொல்லிட்டா ஆச்சு.”

குமுதா அவரை ஒரு கணம் பார்த்தார். இருபது வருடத்துக்கு முன்பு ஆணி கெட்டியா என்று கேட்ட அதே ஆள்.

தேர்வு நாளில் திரையில் எட்டுப் பேர் நின்றார்கள். ஃப்ளோர் முதல் வரிசையில் இருந்தாள். மரியேலோஸோடு இன்னும் இரண்டு அதிகாரிகள். இங்கே கிஷன் தானாக முன்வந்து படக்கருவியைப் பிடித்துக்கொண்டான். கை நன்றாகத் தெரிய வேண்டும் என்று கிட்டப் போய் நின்றான்.

குமுதா உடுப்பைத் தொடவில்லை. முதலில் முகத்தைக் காட்டினார். சிரித்தார். தலையை நன்றாக இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு, ஷர்மினியோடு சேர்ந்து செய்த வாக்கியத்தைச் சொன்னார். என் தலை இப்படி ஆடினால், ஆம்.

“மி கபேசா அசீ, எஸ் சீ.”

எட்டுப் பேரும் வெடித்துச் சிரித்தார்கள். ஃப்ளோர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரிகளில் ஒருவர் தன் தலையை ஆட்டிப் பார்த்து, முடியாமல் கழுத்தைத் தடவினார்.

பிறகு முகக்கவசம் ஏறியது. “மே விஸ்தோ தே அர்ரீபா அபாஹோ.” எட்டுக் குரல் திருப்பிச் சொன்னது. ஃப்ளோர் தலைமூடியைப் போட்டாள், பார்த்தாள். குமுதாவின் தலை ஆடியது. வாயும் சொன்னது, “உஸ்தெத் செ விஸ்தெ முய் பியென்.” நீங்கள் மிக நன்றாக உடுத்திக்கொள்கிறீர்கள். ஃப்ளோர் அடுத்த படிக்குப் போனாள். முழு உடுப்பு தரையில் படாமல் ஏறியது. ஒருவர் மட்டும் இடது காலை வைக்க வேண்டிய இடத்தில் வலதை வைத்தார். குமுதா கையைக் குறுக்கே காட்டி நிறுத்தி, தான் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தாண்டிக் காட்டினார். அந்த ஆளும் சொல்லிக்கொண்டே தாண்டினார். பதினெட்டாவது நிமிடத்தில் எட்டுப் பேரும் சுத்தமான பக்கத்தில் நின்றார்கள். அங்கும் இங்கும் வெள்ளை உடுப்பும் கண்களும் மட்டும்தான். இப்போது எல்லாருமாகச் சேர்ந்து சொல்லுங்கள் என்றார் குமுதா.

“நோஸ் வெஸ்திமோஸ்!”

கிஷன் படக்கருவியைப் பிடித்த கையோடு, “அக்கா, சூப்பர்லா!” என்று கத்தியது பதிவில் தெளிவாகக் கேட்கிறது.

அங்கிருந்து வந்த அறிக்கையில் எட்டுப் பேரும் தேர்ச்சி. பயிற்றுநர் தகுதி உண்டு என்று மூன்று கையெழுத்து. பத்து நாள் கழித்து நிருபன் குமுதாவை அழைத்துக் கடிதத்தைக் கொடுத்தார். குமுதா நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார். மேசையில் திருப்பி வைத்தார்.

“என்னக்கா?”

“இதுல ‘தற்காலிகப் பயிற்றுநர், ஆறு வாரம்’னு போட்டிருக்கு பாஸ்.”

“ஓம், கோஸ்தாரிக்காவில நிக்கிற காலத்துக்கு. திரும்பி வந்தாப் பிறகு... டிப்ளோமா விதி இருக்குத்தானே. மேலிடம் அப்பிடித்தான் தந்தது.”

“அங்க போனா எனக்குச் சொல்லித்தரத் தெரியும், இங்க வந்து இறங்குனா மறந்திடுமா?”

நிருபன் பேனாவை எடுத்து உருட்ட ஆரம்பித்தார்.

“நான் பிச்சை கேக்கல பாஸ். பேசுனது என்னா? செஞ்சி காட்டிட்டா பதவி. செஞ்சி காட்டிட்டேன். அந்தச் சொல்லை எடுங்க. எடுத்தா கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா கிஷன் தம்பி போகட்டும், படிக்கட்டும். யாரு போட்டுக் காட்டுவாங்கன்னு பாத்துக்குங்க.”

சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

நான்கு நாள் ஆனது. நிருபன் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை மேலிடத்தோடு பேசினார் என்றும், மூன்றாவது முறை அவர் குரல் வெளியே கேட்டது என்றும் கிஷன் சொன்னான். விதிக்குப் பயந்த மனிதர் அப்படி ஒருமுறை குரல் உயர்த்தினார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். ஐந்தாம் நாள் புதுக் கடிதம் வந்தது. ‘பயிற்றுநர்’ என்று மட்டும் இருந்தது. முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. கூடவே அறிவிப்புப் பலகையில் ஒரு திருத்தமும் வந்தது: டிப்ளோமா, அல்லது பத்து வருட அனுபவமும் செயல்முறைத் தேர்வும். பதினாறு வருடம் வேலை பார்த்த ஹமீதா அதன் முன்னால் நின்று இரண்டு முறை படித்தார்.

“என்னா, மந்திரம் ஓதுறியா?” என்றார் குமுதா.

“போங்கக்கா. விண்ணப்பப் படிவம் எங்க கிடைக்கும்னு பாக்குறேன்.”

குமுதா நிருபனின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். காலை பத்தேகால். அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒன்பது பேர் உடை அறையில் பெஞ்சுக்கு அழுக்குப் பக்கம் வரிசையாகக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் காலையில் அப்பிய பவுடர் கழுத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

“வாம்மா,” என்றார் பயிற்றுநர் குமுதா, “மொதல்ல கழுத்தைக் கழுவிட்டு வந்திடு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.”